ஏழாவது பாகத்தில் கிளம்பிய விண்கலம்

நானும் மகளும் சேர்ந்து பார்த்த விண்வெளித் தொடருக்கு இப்போது ஒரு கிளைத்தொடர் வந்திருக்கிறது.

"ஆரம்பம் ஸ்லோவாத்தான் இருக்கும்ப்பா. பொறுமையா பாருங்க, ஞாயித்துக்கிழமை போன்ல பேசுவோம்" என்றாள் வெளிநாட்டிலிருந்து.

மூன்றாவது பாகத்தோடு அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. வீட்டில் என்னைத் தவிரப் பேசுவது அது ஒன்றுதான்.

இன்று தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குப் பேருந்தில் வரும்போது ஏழாவது பாகத்தைப் போட்டேன். பக்கத்து சீட்டில் திருத்துறைப்பூண்டி விவசாயி ஒருவர். எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கப்பல் கெளம்பவே மாட்டேங்குது?"

"ஏழு வாரமா ரிப்பேர் பாக்குறாங்க. உங்களுக்கு போரடிக்கும்ங்க."

"எங்களுக்கா? நாங்க கடைமடைங்க. கல்லணையில தண்ணி தொறந்தன்னைக்குப் பூ தூவுவாங்க. எங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள அந்தப் பூவே சருகாயிடும். நீங்க ஓட்டுங்க, பாப்போம்."

இயர்போனில் ஒன்றைக் கழற்றி அவருக்குக் கொடுத்தேன்.

மன்னார்குடி வந்தது. விண்கலம் அப்போதுதான் உறுமியது. நான் எழுந்திருக்கவில்லை.

"கெளம்பிருச்சு பாருங்க!" என்று என் தொடையில் ஓங்கி அறைந்தார். "நீங்களும் திருத்துறைப்பூண்டிதானா?"

"ஆமாங்க" என்றேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு டிக்கெட் கிழித்தார்.

பொறுமையாகப் பார்த்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: தனியாகப் பார்த்த ஆறு பாகங்களும் சுமார். ஏழாவது பிரமாதம்.

எட்டாவதை இன்னும் தொடவில்லை. வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது உண்டா? ஜன்னல் சீட் உங்களுக்குத்தான்.