தட்டில் காட்டிய கட்டி

எங்கள் ஊரில் கட்டியை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆபரேஷனே நடக்கவில்லை என்று அர்த்தம். திண்டுக்கல்லில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து நானும் தட்டும் கையுமாக நிற்கிறேன், கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் நீட்டுகிறவள் மாதிரி.

கத்தி பிடித்த நேரம் போக நான் ஆராய்ச்சிக்காரியும்கூட. உடம்பின் சொந்த எதிர்ப்பு அணுக்களையே உசுப்பிவிட்டுப் புற்றுநோயோடு மோதவைக்கும் ஊசியைப் பற்றியது என் ஆராய்ச்சி. எரியோட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு, மற்ற மருந்துகளோடு அந்த ஊசியையும் ஆறு மாதம் போட்டுவிட்டுத்தான் அறுவை செய்தேன். கட்டியில் ஒரு துணுக்கு உடனே மதுரை ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஐஸ் பெட்டியும் காரும் தயார். தாமதித்தால் அணுக்கள் செத்துவிடும், ஆறு மாத உழைப்பு பாழ்.

தட்டோடு வெளியே வந்தேன். வேன் பிடித்து வந்திருந்த கூட்டம் சூழ்ந்துகொண்டது. எலுமிச்சை அளவு இருந்த கட்டி நிலக்கடலைப் பருப்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர்கள் முகமோ, பந்தியில் கறி தீர்ந்துபோன மாதிரி ஆகிவிட்டது.

“இம்புட்டுத்தானா டாக்டரம்மா?” என்றார் கணவர்.

“மிச்சத்த உள்ளயே விட்டுட்டீகளா?” என்றார் அவருடைய அக்கா. “பக்கத்து பெட்டுக்காரம்மாவுக்குத் தேங்கா அளவுக்கு எடுத்தாகளாம்.”

சுருங்கியதுதான் வெற்றி என்று விளக்கினேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. உள்ளே போகத் திரும்பினால் கணவர் குறுக்கே நின்றார்.

“செத்த நேரம் இருங்க. ஆயக்குடியில இருந்து எங்கண்ணன் பஸ்ல வாராரு. அவரும் ஒரு பார்வ பாத்துரட்டும்.”

“உங்க அண்ணன் வந்து சரின்னு சொன்னாத்தான் இது கட்டியா?” என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். பெட்டி கிளம்பியது. அணுக்கள் உயிரோடு வந்து சேர்ந்தன என்று மதுரையிலிருந்து போன் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சாயங்காலம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன்.

“கட்டி ரொம்பச் சின்னதாம்ல டாக்டரம்மா?”

“ஆமாம்மா.”

“வீட்டுல எல்லாரும் மொகத்தத் தூக்கி வச்சிருக்காக. சின்னதா இருந்தா ஊசி வேல செஞ்சிருக்குன்னுதான அர்த்தம்?”

ஆறு மாதமாக ஊசியைப் பற்றி நான் விளக்கியதெல்லாம் கணவர் முகத்தைப் பார்த்துத்தான். இவரைப் பார்த்துச் சொன்னது, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பதை மட்டும். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்தான் அத்தனையையும் கேட்டிருக்கிறார். நானும் ஒரு பெண்தான். வெட்கமாக இருந்தது.

“அதேதாம்மா அர்த்தம்.”

“ஊரே பாத்துருச்சு,” என்றார். “எனக்குத்தான் யாரும் காட்டல.”

துணுக்கு மதுரையில், மிச்சம் பரிசோதனைக்குப் போய்விட்டது. ஒரு போட்டோகூட நான் எடுத்து வைக்கவில்லை. சுண்டுவிரலை நீட்டி நகத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“இம்புட்டுத்தாம்மா.”

அவர் என் விரலைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.