அம்மா ஏறினால் நிற்கும் கார்

இரண்டு வருடங்களுக்கு முன், கண்டியில் பெரஹரா ஊர்வலக் கூட்டமெல்லாம் கலைந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் கணவரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்பிட்டியவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஹேவாஹெட்டவுக்குப் புறப்பட்டோம். அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருந்தவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதிலிருந்து காயத்துக்குத் தையல் போடுவது வரைக்கும் எல்லாம் அவர்தான். அவர் இறந்துபோன பிறகு அம்மா தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் அப்பாவின் காரிலேயே போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கார் அந்த ஏற்றத்தைத் தாங்குமா என்று பார்க்கத்தான் அன்றைய பயணம்.

அது வெள்ளைக்காரன் காலத்துக் கார். ஆமை ஓடு மாதிரி முதுகு, இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடித்துக் குனிந்துதான் ஏற வேண்டும். என் கணவருக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். லீவு நாளில் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

தலாத்துஓயா தாண்டி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கூடவே மிஸ்ட் என்கிற பனிமூட்டமும் இறங்கிவிட்டது. ஒரு வளைவில் திரும்பினோமோ இல்லையோ, வைப்பர் நின்றது, விளக்கு அணைந்தது, இஞ்சின் ஒரு விக்கு விக்கிவிட்டு அடங்கிப்போனது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. கணவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "இறங்கு, இறங்கு, பின்னால வர்றவனுக்கு நம்ம நிக்கிறது தெரியாது!" என்று கத்தினார். நான் குடையை விரித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஓடிப் போய் நின்றதுதான் தாமதம், வளைவுக்குள்ளிருந்து பஸ் ஒன்று வந்தது. குடையை ஆட்டிய ஆட்டில் கம்பியே திரும்பிவிட்டது. பஸ் என்னை உரசுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவர் சிங்களத்தில் ஏதோ திட்டினார். பிறகு அவரும் கொண்டக்டரும் இறங்கி வந்து எங்கள் காரை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் போனார்கள்.

அம்மா கீழே இறங்கி மழையில் நின்றார்கள். கணவர் பெற்றரி வயரைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். ஒரே திருப்பில் கார் ஸ்டார்ட்டாகிவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி!

பயணத்தை அத்தோடு விட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். மறுநாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கார் எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தோம். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். டைனமோ, ரெகுலேட்டர், சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பளை வரைக்கும் தனியாக ஓட்டிப் போய் வந்தார். "டீச்சர், இதுல ஒரு பழுதும் இல்ல. நல்லாத்தான் ஓடுது" என்றார் என்னிடம்.

சரியென்று அந்த வாரக் கடைசியில் அம்மாவைக் குளத்தடிக்குக் கூட்டிப் போனோம். பாதி வழியில் கார் நின்றது. நானா வந்து ஓட்டினார், ஓடியது. பிறகு ஒரு நாள் அம்மாவைக் கண் கிளினிக்குக்கு ஏற்றினோம், மறுபடியும் நின்றது. நானாவுக்கே அலுத்துப்போய், "பழைய வயர் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு புதுசா போடுவோம்" என்றார். கணவருக்கு மனம் வரவில்லை. துணி சுற்றிய அந்தப் பழைய வயர்களை ஒரிஜினல், ஒரிஜினல் என்று கொண்டாடுகிறவர் அவர்.

இந்தத் தடுமாற்றத்துக்கு நடுவே அம்மா முகம் வாடிப்போனதை நாங்கள் கவனிக்கவில்லை. திருவிழாவுக்கு முந்தின வாரம், "நான் வரலம்மா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார்கள்.

"ஏம்மா, மேலுக்கு முடியலையா?"

"நான் ஏறினாத்தான் அது நிக்குது. அவரு காரு, அவருக்கே புடிக்கல போல இருக்கு."

சமாதானமாக என்னென்னவோ சொன்னேன். ஆனால் அன்று முழுக்க அந்த வார்த்தை என்னை விடவில்லை. அம்மா ஏறினால்தான் நிற்கிறது. உண்மைதானே? கணவரும் நானாவும் தனியாக ஓட்டியபோது ஒருநாளும் நிற்கவில்லை. அம்மா இல்லாமல் நான் முன்சீட்டில் போனபோதும் நிற்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தது அம்மா மட்டும்தான்.

நானாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எந்தச் சீட்டில் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "உம்மாவக் கொஞ்சம் வீட்டுல நிக்கச் சொல்லுங்க. நான் இப்பவே வாறன்" என்றார்.

வந்தவர் பெற்றரியில் ஒரு வயரைக் கழற்றி, இடையில் சின்ன பல்ப் ஒன்றை மாட்டினார். எங்காவது கரண்ட் கசிந்தால் அது எரியுமாம். எல்லா சுவிட்சையும் அணைத்தோம். பல்ப் எரியவில்லை. அம்மாவைக் கைபிடித்துப் பின்சீட்டில் ஏற்றினோம். அப்போதும் எரியவில்லை.

"உம்மா, வளைவுல கார் திரும்பினா எப்படிச் சாய்வீங்க? அப்படிச் சாய்ங்க பார்ப்போம்."

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தது!

நானும் கணவரும் நானாவும் ஒன்றாகக் கத்திவிட்டோம். அம்மாவை இறக்கி வெராண்டாவில் கதிரை போட்டு உட்காரவைத்துவிட்டு, பின்சீட்டைத் தூக்கினோம். அடியில் சீட் ஸ்பிரிங்குக்குக் கீழே சிவப்பு பிளாஸ்டிக் வயர் ஒன்று ஓடியது. ஸ்பிரிங் உரசி உரசி அதன் தோல் கிழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. பக்கத்தில் தரை விரிப்பு கருகியிருந்தது.

"இது காரோட வந்த வயர் இல்ல. பொறகு யாரோ போட்டீக்கி. பியூஸும் இல்லாம நேரே பெற்றரியிலிருந்து எடுத்தீக்கி" என்று சொல்லிக்கொண்டே நானா வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார். அந்த வயர், கூரையில் பின்சீட்டுக்கு மேலே இருந்த ஒரு சின்ன விளக்குக்குப் போனது. பல்ப் கறுத்து, செத்துப்போன விளக்கு. சின்ன வயதில் அதைத் தொட்டால் அப்பா அடிக்க வருவார். விளையாட்டுச் சாமானா அது என்பார். வேறெதற்கும் அவர் அப்படிக் கோபப்பட்டதில்லை.

"அத வெட்டாதீங்க!"

அம்மா கதிரையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. நானா குறட்டைக் கீழே வைத்தார்.

காரின் கதவைப் பிடித்துக்கொண்டே அம்மா சொன்னார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலமாம். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மருத்துவிச்சி லீவு, தோட்டத்து லொறியும் பழுது. கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா காரை எடுத்தார். அந்தப் பெண்ணுக்குத் துணையாக அம்மா பின்சீட்டில் ஏறினார்கள். வழியில் மழை, மிஸ்ட். பொழுதும் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது என்று தெரிந்தது. அப்பா காரை நிறுத்திவிட்டுப் பின்னால் வரப் பார்த்தபோது, அந்தப் பெண், "ஐயா வேணாம், அம்மாவே இருக்கட்டும்" என்று அழுதிருக்கிறாள். அப்பா மழையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். கையிலிருந்த டோர்ச்சும் மங்கி அணைந்துவிட்டது.

"கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. வெரலால தடவிப் பாத்துத்தான் எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழவே இல்ல புள்ள. அப்பறம் அழுதுச்சு பாரு, ஒங்கப்பாவும் வெளிய நின்னு அழுதாரு."

அடுத்த வாரமே அப்பா தன் கையால் அந்த விளக்கை மாட்டினாராம். சாவி போடாவிட்டாலும் எரிய வேண்டும் என்று நேரே பெற்றரியிலிருந்து வயர் இழுத்தாராம். அதன் பிறகு எத்தனையோ பெண்களை அந்த வெளிச்சத்தில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"எனக்குக் கையெல்லாம் நடுங்குச்சு. இருட்டுல அவருக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தார்கள்.

பல்லியைக் கண்டால் பயப்படுகிற, இரத்தத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அம்மாவைத்தான் எனக்குத் தெரியும். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "உம்மா, இதுக்குப் புது வயர் போட்டு, பியூஸும் வெச்சித் தாறன். ஸ்பிரிங் படாம ஓரத்தால கொண்டுபோறன்" என்றார். கணவர் கடைக்கு ஓடிப் போய் பல்ப் வாங்கி வந்தார். அது எரிந்தபோது அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

திருவிழாவுக்குப் போனோம். கார் எந்த வளைவிலும் நிற்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் அம்மாவே நிறுத்தச் சொன்னார்கள். இறங்கி, சேலை முந்தானையைப் போர்த்திக்கொண்டு வீதியோரத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குடும்பமே வவுனியாப் பக்கம் போய்விட்டதாம், பிறகு தகவல் இல்லையாம். "பொம்பளப் புள்ள. ஒன்னவிடக் கொஞ்சம் எளையவ" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்கள்.

அம்மாவோடு ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும், அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைக் கேட்கிறேன், அவர்கள் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணோடு சிநேகம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.