தின்கன்ஜூனுக்கு அப்பால் ஒரு மழை ஞாயிறு

இரங்கூன் ரயில்வே சரக்குக் கொட்டகையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். துரைசாணி ஓட்டியது, நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. "பொம்பளை வண்டியில வர்றான் பாரு" என்று கொட்டகையில் சிரித்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கல்யாணமாகி என்னோடு கப்பலில் வந்த என் மனைவி, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றை அறைக்குள்ளேயே பல மாதம் அடைந்து கிடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னாள்:

"என்னங்க, ரயில் புகையையும் சுவரையும் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. இந்த ஊரு எங்க முடியுதுன்னு காட்டுங்க."

"மழை கொட்டுதே, புள்ள."

"ஐப்பசி வரைக்கும் விடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுவரைக்கும் உக்காந்தே இருக்கவா?"

அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். எண்ணெய்க் காகிதக் குடையைக் காற்று திருப்பிப் போட்டதும், மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தின்கன்ஜூனைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. மேட்டில் செம்மண் சாலை; இரு பக்கமும் வானம் தொடுமட்டும் தண்ணீர் நின்ற வயல்கள். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை.

இறங்கி நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் ஓட்டிப் பாக்கவா?" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளோ கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். நான் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, நாலு மிதி மிதித்திருப்பாள். நனைந்த சேலை காலைச் சுற்ற, சைக்கிளோடு வயலில் விழுந்தாள்.

சற்றுத் தள்ளி நாற்று நட்டுக்கொண்டிருந்த பர்மியப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். அவர்களில் மூத்தவள் என் மனைவியைத் தூக்கி நிறுத்தினாள். மிதிபட்ட நாற்றுக்காக எனக்குத் தெரிந்த பர்மியத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

"நாத்தைத் திரும்ப நட்டுக்கலாம். இந்தத் துணியோட எப்படி ஓட்டுவா?" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு, வயலோரக் குடிசையிலிருந்து, அவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தமேன் ஒன்றை எடுத்து வந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் என் மனைவி.

"சேலையை மாத்திக்கிட்டு ஓட்டச் சொல்றாங்க."

மறுத்துவிடுவாள் என்றே எண்ணினேன். அதை வாங்கிக்கொண்டு குடிசைக்குள் போனாள். அந்தப் பெண்களைப் போலவே தமேனை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுபடி இருக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். சேற்றில் வழுக்கி நான் குப்புற விழுந்தேன். அவள் விழவில்லை. நான் விட்டதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தாள். வரப்பில் நின்ற பெண்கள் கூச்சலிட்டார்கள். தூரத்து மரப்பாலம் வரை போனவளுக்குத் திருப்பத் தெரியவில்லை. இறங்கி, வண்டியைக் கையால் திருப்பி, தத்தித் தத்தி ஏறி, முகமெல்லாம் மழையும் சிரிப்புமாக என்னைத் தாண்டிப் போனாள்.

"அடுத்த வாரம் கொண்டாந்தா போதும்" என்று தமேனை அவளிடமே விட்டாள் அந்த அம்மாள். திரும்பும் வழியெல்லாம் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள் என் மனைவி. அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுக்க அடுத்த அறை பர்மியப் பெண்ணிடம் போய் இரண்டு வாக்கியம் கற்றுக்கொண்டாள். ஞாயிறன்றும் மழைதான். அதே வயலுக்குப் போனோம். துவைத்து மடித்த தமேனையும் ஒரு பொட்டலம் முறுக்கையும் நீட்டி, கற்றதைத் தானே சொன்னாள். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய் மளமளவென்று பதில் சொன்னாள். என் மனைவிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் இந்த முறை என் பக்கம் திரும்பாமல், அவளோடு பேசிக்கொண்டே குடிசைக்குள் போனாள்.