வலது கதவு கேக்கல

டாக்சியின் வலது கதவு ஸ்பீக்கர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே காசிராஜன் நசீரின் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்றுதான் ஊரில் எல்லோரும் வேண்டுவார்கள். இவருக்கு எல்லாமே தலைகீழ்.

கொஞ்ச நாளாகவே வலது பக்கத்துப் பாட்டு, பக்கத்து வீட்டு டிவி மாதிரி மங்கலாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் பழுதென்றால் காது நல்ல காது. போன வாரம் மும்பை சயான் பக்கம் பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் மேல் ஹாரன் அடித்து, கடைசியில் கண்ணாடியைத் தட்டித் திட்டிவிட்டுப் போனானே, அது எந்த ஸ்பீக்கர் கோளாறு என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் கோபம் வரும்.

வீட்டிலும் பிரச்சினைதான். மனைவி இசக்கியம்மாள் அடுப்படியிலிருந்து ஏதாவது சொல்வாள். இவர் அடுப்புக்கு வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். "நான் சொன்னா என்னைக்குத்தான் கேட்டிய?" என்பாள். அவளுடைய தம்பி கோபர்கைரனேயில் புது வீடு பால் காய்ச்சியபோதும் அப்படித்தான். கிளம்பச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, தனியாக ரயிலேறிப் போய்விட்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

எனக்குக் காதில் விழவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்காதவன் என்று பெயர் வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. காது கேட்காத டிரைவர் என்று பெயர் வந்தால் எவன் வண்டியில் ஏறுவான்? மனுஷனுக்கு வீம்பு என்று சொல்லலாம். பயம் என்பதுதான் சரி.

நசீர் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற கடை வைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு என்ன செய்யுது?"

"வலது கதவு கேக்கல, பாய்."

நசீர் சத்தத்தை முழுக்க வலது பக்கம் திருப்பிவிட்டுக் கதவோரம் குனிந்தார். பாட்டு வந்தது. இருந்தாலும் கதவின் உள் அட்டையைக் கழற்றி, ஸ்பீக்கரை எடுத்து, அதன் இரண்டு முனையிலும் ஒரு சின்ன பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். டப் டப் என்று ஸ்பீக்கரின் காகிதம் துள்ளியது.

"உயிர் இருக்கே."

"அப்போ வயரா இருக்கும். கதவை ஆயிரம் மட்டம் திறந்து மூடுதோம்லா?"

கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் குழாயை விலக்கி வயரையும் பார்த்தார். முழுசாக இருந்தது. கடைசியில் இடது கதவு ஸ்பீக்கரைக் கழற்றி வலதில் மாட்டினார்.

"இப்பம்?"

"அதேதான், பாய். கேக்கல. உன் வயர்லதான் கோளாறு, நல்லா பாரு." காசிராஜனுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

நசீர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, ஒண்ணு செய்யுங்க. சீட்ல முட்டி போட்டு, பின்பக்கம் பாத்து திரும்புங்க."

"எதுக்குவே?"

"சும்மா திரும்புங்க."

நரைத்த மீசையோடு, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி மண்டியிட்டார். தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். இப்போது இடது காது வலது கதவைப் பார்த்திருந்தது. அந்தக் கதவிலிருந்து பாட்டு, தபேலாவின் ஒவ்வொரு தட்டும் தெளிவாக, மழை மாதிரி கொட்டியது. அவர் ஒரு கையை எடுத்து வலது காதைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மும்பை ஹாரன் அத்தனைக்கும் இத்தனை வருஷமாகக் கொடுத்த காது அந்த வலது காதுதான்.

நசீர் தலை நிமிராமல் அட்டையைத் திரும்ப மாட்டத் தொடங்கினார். "ஸ்பீக்கர் நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார். மேற்கொண்டு எதுவும் சொல்லாததற்கு அவரைக் கும்பிட வேண்டும்.

வீட்டுக்குப் போன காசிராஜன் நாற்காலியைத் திருப்பி, இடது காதை அடுப்புப் பக்கம் வைத்து உட்கார்ந்தார். இசக்கியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏட்டி, உன் தம்பி வீட்டுக்கு நீ கூப்பிட்டப்போ நான் வேணும்னே கேக்காம இருக்கல" என்றார். "எனக்குக் கேக்கல."

கரண்டி நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"என்ன சொன்ன?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வண்டி எடுக்காதிய. டாக்டர்ட்ட போவோம், நானும் வாரேன்."

அவள் சொன்னதை அவர் அன்றைக்குக் கேட்டார்.