ஈரண்ணா போட்ட பூஜ்யம்

ஹூப்ளியில் ஈரண்ணா ஹூகாரைப் போல் பயந்த ஆளை நான் பார்த்ததில்லை. மிளகாய் பஜ்ஜி ஆறிப்போய் வந்தாலும் குறை சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவில் பதினோரு வருடம் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

ஊரில் மூன்று ரத்த வங்கிகள். ஒவ்வொன்றும் தன் இருப்பை வேறொரு வகை டேட்டாபேஸில் வைத்திருந்தது. ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. மூன்றிடமும் அதனதன் பாஷையில் கேட்டு, ஆஸ்பத்திரித் திரையில் ஒரே பட்டியலாகக் காட்டும் இணைப்பு புரோகிராமை ஈரண்ணா தனியாளாக எழுதினான். ஏதாவது ஒரு வங்கியோடு தொடர்பு அறுந்தால் 'பதில் வரவில்லை' என்று சிவப்பில் வரும். டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை.

"இதென்ன தலைவலி? எத்தனை பை இருக்குன்னு மட்டும் காட்டுய்யா!"

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இவனோ, பதில் வராவிட்டால் பூஜ்யம் காட்டு என்று ஒரு வரி சேர்த்துவிட்டான். எனக்கும் தெரியும். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

போன ஜூலையில் அவன் தங்கை நீலவ்வாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். திரையில் மூன்று வங்கிக்கும் பூஜ்யம். ஈரண்ணா சந்தேகப்படவே இல்லை. பதறியடித்துக்கொண்டு ரத்தம் தேடிக் காரில் பெல்காமுக்குப் பறந்தான்.

மூன்றிலுமா பூஜ்யம் என்று என் மரமண்டைக்கு உறைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். முதல் இரண்டிலும் நிஜமாகவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரி வங்கியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ரெண்டு பை இருக்குங்க. காலையிலேர்ந்து எங்களுக்கு நெட் இல்ல. நேர்ல வந்து கேட்டிருக்கலாமே?"

ஓடிப்போய் வாங்கிக் கொடுத்துவிட்டு ஈரண்ணாவைக் கூப்பிட்டேன். பாதி வழியில் கித்தூரைத் தாண்டியிருந்தான்.

"கிடைச்சிருச்சாக்கா? அப்பாடா!" குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கிடைச்சிருச்சு, திரும்பி வா."

ஏற்றத் தொடங்கும்போதே நீலவ்வாவின் கை சில்லிட்டிருந்தது. அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஈரண்ணா வந்து சேர்ந்தபோது வராந்தாவில் நீலவ்வாவின் புருஷன் பக்கீரப்பா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எதிர்லயே ரத்தம் இருந்துச்சாமே மச்சான். கம்ப்யூட்டர் இல்லைன்னு சொல்லிச்சுன்னீங்க?"

ஈரண்ணா தரையில் உட்கார்ந்தான்.

"அதுக்குத் தெரியலை மாப்ள. தெரியலைன்னுதான் சொல்ல வந்துச்சு. இல்லைன்னு சொல்ல வச்சது நான்."