அரக்குச் சேலையின் பதினாறு சதுரங்கள்

இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் பழைய சேலைக்குள்ளிருந்து பாச்சை உருண்டை வாசம் எழுந்து நிற்கும். வாசம் என்று எழுதிவிட்டேன். அது நாற்றம். மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி, அன்றைக்குக் குடிக்கிற காபி வரைக்கும் கூடவே வரும். யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் எனக்கு உடனே ஓர் அரக்குச் சேலை கண்ணுக்கு வந்துவிடுகிறது. அம்மாவின் சேலை. அதன்மேல் என் கத்திரி.

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது என் பழக்கம். வடவள்ளி வீட்டின் பின்னறையில் ஒரு தையல் மிஷின், ஒரு மேஜை, சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களில் மிஞ்சும் துண்டுத் துணி இரண்டு மூட்டை. தெரிந்தவர்களில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் புதுவீடு குடிபோனாலும் என் பரிசு ஒரு போர்வை. துண்டு துண்டாக வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, பஞ்சு ஷீட் வைத்து, மேலே கையால் ஓடுதையல் போட்டு முடிக்க ஒன்றரை மாதம் ஆகும். "எவ்வளவு பொறுமைங்க உங்களுக்கு" என்பார்கள். பொறுமையாவது. சும்மா உட்கார முடியாதவள் நான். கை ஓடவில்லையென்றால் மனசு எங்கெங்கோ ஓடும்.

அண்ணன் காரமடை தாண்டிப் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தான். மாசி மாதம் ஒரு நாள் மதியம் அவன் மனைவி, எங்கள் பக்கத்து வழக்கில் எனக்கு நங்கை, காரில் வந்து இறங்கினாள். டிக்கியிலிருந்து இரண்டு கட்டைப்பைகளை இழுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டாள். பையைத் திறந்ததும் அறை முழுக்க அந்த நாற்றம்.

"அத்தையோட கலர்ச் சேலைங்க, அம்மணி. ஏழு இருக்குது. பொட்டிக்குள்ளயே கெடந்து மக்கிப் போகுது. இதுகள வெட்டி அத்தைக்கே ஒரு போர்வை தைச்சுபோடுங்க. புதுவீட்டுப் புண்ணியார்ச்சனை அன்னைக்கு எல்லார்த்துக்கும் முன்னால குடுக்கலாம்."

"அம்மாகிட்டக் கேட்டீங்களா நங்கை?"

"கேட்டுப்போட்டா அப்பறம் சர்ப்ரைஸ் என்னங்க இருக்குது? வீடு மாத்தறதுக்கு எல்லாத்தையும் கட்டி வெச்சாச்சு. பொட்டி கயித்துக்குள்ள கெடக்குது, அத்தை தெறந்தே பாக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க இனிமே கலர் கட்டவா போறாங்க?" என்றாள்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம். பதினாறாம் நாளுக்குப் பிறகு அம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினாள். எங்கள் சொந்தத்தில் அந்த வயதுக்காரர்களுக்கு அதுதான் வழக்கம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். வேறு நிறத்தில் ஒரு சேலையை யாரும் எடுத்துக் கொடுக்கவுமில்லை. நானும் கொடுக்கவில்லை. இந்த வழக்கத்தைப் பற்றிக் காரசாரமாகக் கவிதை எழுதியிருக்கிறேன், மேடையில் வாசித்திருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நங்கை கேட்ட கேள்விக்கு என் வாயில் வந்த பதில், "அதுவும் சரிதானுங்க."

இந்த மூன்று நிமிடத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு நெகமம் காட்டன், மடிப்போரத்தில் சாயம் வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. ஒன்றுக்குள் செத்து உலர்ந்த பூச்சிகள், வெள்ளிப் பொடியாக. ஒன்றின் இடுப்பு மடிப்பில் துருப்பிடித்த ஊக்கு, அது குத்தியிருந்த இடத்தில் சீழ் காய்ந்தது போன்ற மஞ்சள் கறை. கடைசியாக அந்த அரக்கு. சிறுமுகைப் பட்டு, கடுகு நிறக் கரை. அதன் கீழோரத்தில் ஃபால்ஸ் பட்டை புதிதாகத் தைத்திருந்தது. நூல்கூட வெளுக்கவில்லை, தையல்காரர் விட்ட சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது.

இருபது வருடமாகத் தையலைப் பார்க்கிற கண் எனக்கு. பன்னிரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த சேலைக்குப் போன மாதம் போட்ட ஃபால்ஸ் எதற்கு என்று அந்தக் கண் கேட்கத்தான் செய்தது. நான் உடனே ஒரு பதில் வைத்திருந்தேன். நங்கை தான் கட்டிக்கொள்ளலாமென்று ஃபால்ஸ் வைத்திருப்பாள், பிடிக்காமல் போயிருக்கும், தூக்கி இதோடு போட்டுவிட்டாள். அவள்மேல் ஓர் இளக்காரச் சிரிப்பு சிரித்துவிட்டு வெட்டினேன்.

பட்டு வழுக்கும். பின்பக்கம் கேன்வாஸ் வைத்துச் சூடு காட்டி ஒட்டினால்தான் சதுரம் சதுரமாக நிற்கும். பாச்சை உருண்டை நாற்றத்தோடு கேன்வாஸ் பசையின் நாற்றமும் சேர்ந்து எழும்பியது. முந்தானையில் நான்கு, கரையில் நான்கு, உடம்பின் நடுவில் அங்கங்கே எட்டு. நல்ல இடமாகப் பார்த்துப் பார்த்துப் பதினாறு சதுரம் எடுத்தேன். ஏழு சேலைக்கும் அதே கணக்கு. மிச்சத் துணியில் மிஷின் எண்ணெய் துடைத்தேன்.

தைத்து முடிக்கும்போது நங்கை போன் செய்து, "நாலு வரி எழுதிக் குடுங்க அம்மணி, உங்களுக்குத்தான் அது தண்ணி பட்ட பாடாச்சே" என்றாள். எழுதினேன். ஓர் உயிரின் ஏழு வண்ணங்கள் என்று ஆரம்பித்தேன். ஒரு காலத்தின் கதகதப்பு என்று முடித்தேன். எழுதும்போது கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் இருப்பதிலேயே அசிங்கம்.

வைகாசியில் புண்ணியார்ச்சனை. முதல்நாள் மாலையே சுடிதாரில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். விடியற்காலையில் கிளிப்பச்சைப் பட்டு கட்டினேன். பளபளப்பான டைல்ஸ் தரையில் பசுமாட்டை இழுத்துவந்தார்கள். அது கால் வழுக்கி, பயந்து, ஹால் நடுவில் சாணி போட்டது. லட்சுமி கடாட்சம் என்று பெரியவர்கள் கும்பிட, பின்னாலேயே ஓர் அம்மாள் பினாயிலோடு ஓடினாள். ஹோமப் புகை, பினாயில், புதுப் பெயின்ட், பால் பொங்கி அடுப்பில் தீய்ந்த வாடை. ஜன்னலைத் திறக்க விடவில்லை, ஏசி ஓடுகிறதாம்.

அம்மா சமையலறையோரம் வெள்ளைச் சேலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை. "தூங்கலீங்களாம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள்.

பத்து மணிக்கு போட்டோகிராபர் அவளை ஹாலுக்குக் கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தான். மைக்கில் என் நாலு வரியை யாரோ வாசித்தார்கள். அண்ணனும் நங்கையும் ஆளுக்கொரு முனை பிடித்து அம்மா மடியில் போர்வையை விரித்தார்கள்.

"ஆத்தா, இப்பிடிப் பாருங்க. அப்பிடியே கையால தடவிக் குடுங்க. ஒரு சொட்டு கண்ணீர் வந்துச்சுன்னா சூப்பரா இருக்கும்" என்றான் போட்டோகிராபர்.

"ஏப்பா, வெங்காயம் வேணா உரிக்கச் சொல்லட்டுமா?" என்று ஒரு பெரியம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா தடவினாள். அவன் சொன்னதற்காக இல்லை. அவள் கை அரக்குச் சதுரத்தில் நின்றது. அதிலிருந்து அடுத்த அரக்குக்குப் போனது. அதற்கடுத்ததற்கு. பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இதையும் நீதானா என்று கேட்கிற பார்வை அது. அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அம்மாவின் புது அறைக்குப் போனேன். பெட்டி கயிறு அவிழ்ந்து கட்டிலுக்கடியில் காலியாகக் கிடந்தது.

"நேத்து ராத்திரி தெறந்தேன்" என்றாள். "இன்னைக்குக் கட்டலாமின்னு இருந்தேன் கண்ணு. அந்த அரக்க. டெய்லர்கிட்ட ஃபால்ஸ் எல்லாம் வெச்சு வாங்கினேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. கட்டிட்டு வந்து நின்னுபோட்டா, அப்பறம் யாரு என்ன செய்ய முடியும்?"

அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"பிரிச்சுத் தர முடியாதா?"

"வெட்டிப்போட்டேனுங்கம்மா."

"மிச்சம்?"

"முந்தானை, நடு, கரைன்னு எல்லா எடத்துலயும் எடுத்துப்போட்டேன். ஒண்ணும் ஆகாதுங்க." எண்ணெய் துடைத்ததைச் சொல்லவில்லை. அந்தத் தைரியம் இல்லை.

நேராக நங்கையைத் தேடிப் போனேன். அவள் மாடி ஹாலில் போர்வையை சோபாமேல் விரித்து, நுனியை அழகாக மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கென்று கொடுத்தது மாடிக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு மாடி ஏற முடியாது. பக்கத்தில் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபால்ஸ் வெச்ச சேலைன்னு தெரிஞ்சேதான் கொண்டுவந்தீங்களா நங்கை?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "ஃபால்ஸா? நான் பையக்கூடப் பிரிச்சுப் பாக்கலீங்க. உங்கண்ணன் கட்டி வெச்சாரு, நான் கொண்டுவந்தேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "நான்தான் குடுத்தனுப்பினேன். டெய்லர் அதைக் கொண்டாந்து என்ற கையிலதான் குடுத்தான். 'அம்மாவுது ரெடிங்க'ங்கறான், பல்லக் காட்டிட்டு. ஒண்ணும் கேக்காமக் கொண்டுபோயி அம்மாகிட்டக் குடுத்தேன், பொட்டி கட்டறப்ப மத்ததோட எடுத்துட்டேன். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கறோம். நாலு பேரு வர்ற எடத்துல அம்மா அரக்குப் பட்டுல வந்து நின்னா என்ன பேசுவாங்க?"

"அம்மாகிட்ட நேராச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா வருத்தப்படுவாங்கன்னுதான் இப்பிடிப் பண்ணினேன். என்ன, வீணாவா போச்சு? கிஃப்ட்டாத்தான ஆச்சு. எவ்வளவு பேரு பாராட்டினாங்க, நீயும் பாத்தீல்ல? உன்ற பேரும்தான் வந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளத்தனம் துளியும் இல்லை. நல்ல மகனின் முகம். அம்மா மனசு நோகாமல் காரியம் முடித்த திருப்தி. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அதைவிட, மூன்று மாதமாக நங்கையை இளக்காரமாக நினைத்துக்கொண்டு, அவன் காரியத்துக்குச் சதுரம் போட்டு, ஓடுதையல் போட்டு, கவிதையும் போட்டுக் கொடுத்த என் கை. கழுவினேன். புதுவீட்டுக் குழாயில் சோப்பு இல்லை. வெறுந்தண்ணீரில் வெகுநேரம் கழுவினேன்.

கிளம்ப வேண்டும். அம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, சுடிதாருக்கு மாறினேன். கிளிப்பச்சைப் பட்டை உருவிக் கட்டில்மேல் போட்டதும் அம்மா அதன் முந்தானையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"வாரத்துக்குள்ள புதுசா நாலு சேலை எடுத்துட்டு வாரேனுங்கம்மா. அரக்கே எடுக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு? இதை வெச்சுட்டுப் போ."

"காலையில இருந்து கட்டியிருந்ததுங்க. வேர்வை நாத்தமடிக்குது. பந்தியில சாம்பார் வேற சிந்திப்போட்டேன். பாருங்க, கறை."

"இருந்துட்டுப் போகுது."

"தொவைச்சாச்சும் கொண்டாந்து தாரேனுங்க."

அவள் கட்டிலுக்கடியிலிருந்து அந்தக் காலிப் பெட்டியை இழுத்தாள். சாம்பார்க் கறையோடு பட்டை உதறி, ஓரம் சேர்த்து, தன் வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே அதற்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் அண்ணன், காரமடை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடக் கார் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான். வேண்டாம், நடந்தே போகிறேன் என்று சொல்ல எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ போ கண்ணு. உங்கண்ணன் பாத்து இதையும் வெட்டக் குடுக்கறதுக்குள்ள, ஒருக்காலாச்சும் கட்டிப்போடறேன்."