சூசை மூழ்கடித்த வள்ளம்

யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றுவிட்டது. நாளைக் காலை வேம்பாருக்குப் பாய் வள்ளத்தில்தான் போகவேண்டும். நான் தூத்துக்குடிக் கரைக்கு வரும்போது, வள்ளக்காரர் சூசை அதன் அடித்துளையை அடைத்திருந்த தக்கையைப் பிடுங்கிக்கொண்டு கரையேறுகிறார். என் கண்முன்னே வள்ளம் குபுகுபுவென நிறைந்து மூழ்குகிறது.

“ஐயோ, என்ன பண்ணுதிய அண்ணாச்சி!”

“பதறாதிய தம்பி,” என்று சிரிக்கிறார். “வெயில்ல கிடந்து பலகையெல்லாம் சுருங்கிட்டு. ஊறி உப்புனாத்தான் இடுக்கு அடையும். இன்னைக்கு நாம முக்கலன்னா நாளைக்கு நடுக்கடல்ல அதுவே முங்கிரும்லா.”

நல்ல இடம் பிடிப்பதற்காக, இன்று விடியலிலேயே வந்து, யாரிடமும் சொல்லாமல் வள்ளத்தின் முன்பலகைக்கு அடியில் என் தகரப்பெட்டியைத் தள்ளிவைத்திருக்கிறேன். உப்பளத்து வேலைக்கான சான்றிதழ்கள் அதில்தான் இருக்கின்றன.

திக்கித் திணறிச் சொல்கிறேன். சூசையின் சிரிப்பு நின்றுபோகிறது. தக்கையைக் கையில் பிடித்தபடியே கடலில் பாய்கிறார்.